மேலே நிற்பவர்களுக்காக ஒரு நிறுத்தம்

ஐஸ் மழை பெய்து, மரக்கொப்பெல்லாம் கண்ணாடியாகி முறிந்து விழுந்து, எங்கள் பக்கத்தில் நாலைந்து நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த கிறிஸ்மஸ் ஒன்று வந்ததே, அந்த நத்தாருக்கு மூன்று கிழமை முன்புதான் நான் ஒரு சேர்ச்சில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். எந்த வருசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஐஸ் மழை என்றால் தெரியும். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்போது தான் எங்கே இருந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று சொல்வார்கள். நாங்கள் நகரத்தின் ஓரத்தில், மில்லிக்கனில், வீட்டுக்குள்ளேயே ஜக்கெற் போட்டுக்கொண்டு இருந்தோம். பிரீசர் முழுக்க மீன். வெளியில் அவ்வளவு குளிர் இருக்கும்போது பிரீசர் எதற்கு என்று நான்தான் மூளையைப் பாவித்து எல்லா மீனையும் வீட்டுக்குப் பின்னால் உள்ள மர டெக்கில் அடுக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் குப்பை கிளறித் திரிகிற ரக்கூன்கள் நத்தார் கொண்டாடிவிட்டுப் போயிருந்தன. மனைவி அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

மீனை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஐஸ் மழைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை. சேர்ச்சிலும் கரண்ட் இல்லை. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்திருக்கின்றனவா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். சேர்ச் ஹோலின் யன்னல்கள் பெரியவை. பகல் வெளிச்சம் போதும். நான் மொப்போடு கொறிடோரில் நிற்கிறேன், இரண்டு மணிக்கு முன்கதவு திறக்கிறது. பதினொரு பேர். அநேகமாக எல்லாரும் என் வயதுக்கு மேலே. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சறுக்கி விழாமல், வாத்துக் கூட்டம் மாதிரி உள்ளே வந்தார்கள். வீட்டில் குளிர் தாங்காமல் ஒதுங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"இஞ்ச சூடு இல்லை. கரண்டும் இல்லை" என்றேன்.

முன்னால் வந்த பெண் சிவப்புச் சால்வை கட்டியிருந்தார். "தெரியும். நாங்கள் பாட வந்தனாங்கள்" என்றார்.

அவர்கள் பேசியது இங்கிலிஸ்தான். எனக்கு ஞாபகத்தில் இருப்பது என் தமிழில். அப்படியே சொல்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மருமகள்தான் இதையெல்லாம் எழுத்துத் தமிழாக்கி எழுதுகிறாள். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடி விடு என்று சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை. வட்டமாக நின்றார்கள். முன்னால் நின்று கையை ஆட்டுகிறவர் என்று ஒருவரும் இல்லை. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், அப்போதே எண்பதைத் தாண்டியிருப்பார், கண்ணை மூடி அடிக்குரலில் ஒரு சத்தம் எடுத்தார். நிலத்துக்குக் கீழே இருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு அடி பாடினார். அவர் முடிக்க முன்னமே ஆண்கள் இரண்டு பேர் அதே அடியைத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். ஒருவர் மாடிப்படி ஏற, பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று ஏறி, மேலே எல்லாரும் ஒன்றாகச் சந்திக்கிற மாதிரி இருந்தது. பதினொரு வாயிலிருந்தும் புகை வந்தது. நான் மொப்பைப் பிடித்தபடி நின்றேன். குழாய்களைப் பார்க்க மறந்துபோனேன். நல்ல வேளை, ஒன்றும் வெடித்திருக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "நல்ல இங்கிலிஸ் பாட்டு" என்றேன்.

வயிறு பெருத்த ஒருவர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், சிரித்தார். "உந்தச் சொல்லை இன்னொருக்காச் சொன்னா இவ உன்னை வெளியில ஐஸில தள்ளிப்போடுவா" என்று சிவப்புச் சால்வைக்காரியைக் காட்டினார்.

"நாங்கள் கோர்னிஷ்" என்றார் அந்த அம்மா. "இங்கிலிஸ் இல்லை."

எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் "இந்தியனோ?" என்று கேட்க, "இல்லை, சிலோன், தமிழ்" என்று எத்தனை வருசமாக நானும் சொல்லிவருகிறேன். "சொறி" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பிழையை நான் விடவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார்கள். வருசம் முழுக்க. கோடையில் வேறு பாட்டு, மார்கழியில் நத்தார்ப் பாட்டு. அவர்கள் போன பிறகுதான் ஹோலைத் துடைக்கலாம் என்பதால் நான் கொறிடோரிலேயே வேலை செய்தேன். கேட்கக் கேட்க விசயமும் தெரிய வந்தது. இங்கிலாந்தின் வால் நுனியில், மூன்று பக்கமும் கடல் உள்ள இடம் கோர்ன்வால். அவர்களுக்கு என்று ஒரு பாஷை இருந்ததாம். இப்போது கொஞ்சப் பேர்தான் பேசுகிறார்களாம். தகரச் சுரங்கத்தில் வேலை செய்த சனம். சுரங்கங்கள் மூடிப்போக, கப்பலேறி உலகம் முழுக்கப் போனார்களாம். எங்கே போனாலும் இந்த நத்தார்ப் பாட்டுகளைக் கொண்டுபோனார்கள். சிவப்புச் சால்வைக்காரியின் பாட்டன்மார் அப்படி வந்தவர்கள். பெரியவர் மட்டும் தானே இளவயதில் அங்கிருந்து வந்து வடக்கே சுரங்கத்தில் வேலை செய்து, பிறகு இந்த நகரத்தில் லிப்ற் திருத்தினவர். "முதல் பாதிச் சீவியம் கீழ போனன், மற்றப் பாதி மேல போனன்" என்பார்.

அவருக்கு எல்லாரும் 'அழகா'தான். ஆண், பெண், தபால்காரர், நான், எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர்களுடைய இடத்தில் அப்படித்தானாம். வீட்டில் வந்து சொன்னேன்.

"உங்களையோ?" என்றாள் மனைவி. "அந்த மனிசனுக்குக் கண் தெரியாதோ?"

"நல்லாத் தெரியும்."

"அப்ப நல்ல மனிசன். ஏதாவது சாப்பிடக் குடுத்துவிடுறன்."

அப்படித்தான் மனைவி பொரித்த பற்றிஸ் அங்கே போனது. அவர்கள் பாடி முடிந்ததும் சாப்பிடுவதும் ஒரு பலகாரம், பாஸ்ரி என்பார்கள். அரைவட்ட மாவுக்குள் இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் நிறக் கிழங்கு ஒன்று. ஓரத்தை விரலால் மடித்து மடித்து மூடியிருக்கும். எங்கள் பற்றிஸுக்கு வளர்ந்த அண்ணன் என்று சொல்லலாம். ஒவ்வொரு பாஸ்ரியின் மூலையிலும் சாப்பிடுகிறவரின் பெயருக்கு முதல் எழுத்தை மாவால் செய்து ஒட்டியிருப்பார்கள். சுரங்கத்துக்குள் பாதி சாப்பிட்டு வைத்தால், பிறகு எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. இங்கே சுரங்கமும் இல்லை, பாதியில் வைக்கிறவரும் இல்லை. ஆனாலும் எழுத்து இல்லாமல் ஒன்றும் அடுப்புக்குள் போகாது.

மனைவியின் பற்றிஸை எல்லாரும் ஆசையாகக் கடித்தார்கள். கடித்த பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கரட்" என்றார் தபால்காரர், மெதுவாக.

"சாப்பிடு, அழகா" என்றார் பெரியவர். "அவையின்ர பலகாரம். அவையின்ர கரட்."

பிறகுதான் தெரிந்தது, பாஸ்ரிக்குள் கரட் போடுவது அவர்களுக்குப் பெரிய குற்றம். அதைப் பற்றி அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள், வாய் நிறையப் பற்றிஸோடு. ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் மற்றச் சண்டையும் நடக்கும். எது கோர்னிஷ் பாட்டு? மெட்டுகள் பாதி வெளியிலிருந்து வந்தவை, அதை அவர்களே ஒத்துக்கொள்வார்கள். வசனம் அநேகமாக இங்கிலிஸ். தபால்காரர் சொல்வார், "அடிக்குரல் முதல் வாறதுதான் கோர்னிஷ். மற்ற ஆக்களுக்கு அடிக்குரல் பின்னால நிக்கும்." சிவப்புச் சால்வைக்காரி சொல்வார், "இது மேடையில நிண்டு பாடுறதில்லை. தெருவில, குடிக்கிற கடையில, செத்தவீட்டில, எல்லா இடமும் பாடுறது. அதுதான்." பெரியவர் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். "பாஸ்ரி ஆறுது" என்பார்.

ஒன்றை மறந்துவிட்டேன். என்னிடம் நிலம் மினுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. பழசு. போட்டால் ஒரே சுருதியில் உறுமும். ஒரு நாள் அவர்கள் உள்ளே நிற்பது தெரியாமல் அதைப் போட்டுவிட்டேன். பெரியவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்து நிற்பாட்டினேன்.

"ஏன் நிப்பாட்டினனீ? போடு, போடு. உதுதான் எனக்கு வேண்டிய சத்தம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணிக்கு நான் மெஷினை ஒரு நிமிசம் ஓடவிடுவேன். பெரியவர் அதிலிருந்து சுருதி எடுப்பார். நான் நிற்பாட்டுவேன். பாட்டுத் தொடங்கும். அவருடைய அடிக்குரலை நான் படித்தது அப்படித்தான். சொல்லித்தந்து இல்லை. மொப்பின் இழுவைக்கு அது பொருத்தமாக இருந்தது, அவ்வளவுதான். ஏழெட்டு வருசம் கேட்டால் எருமைக்கும் வரும். என் குரலும் கீழே போகிற குரல். சிறுவயதில் கடற்கரையில் நின்று கரைவலை இழுத்துக் கத்திக் கத்தி வந்த குரல்.

இனி முக்கியமான இடம். அந்த ஐஸ் மழை நாளில் முதல் பாடினார்களே, அந்தப் பாட்டுத்தான் அவர்களுக்குத் தாய்ப் பாட்டு. அதில் இரண்டாவது அடியின் நடுவில் பெரியவர் நிற்பார். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம். எல்லாரும் அவரோடு நிற்பார்கள். பிறகு தொடர்வார். எனக்கு அது பாட்டின் ஒரு பகுதி. அங்கே நான் மொப்பைப் பிழிவேன்.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் இரண்டு விசயம் ஒன்றாக வந்தன. பெரியவர் இடுப்பு முறிந்து, மிசிசாகாவில் மகள் வீட்டோடு போய்விட்டார். இனி அவ்வளவு தூரம் வர முடியாது. பாடும் அளவுக்கு மூச்சும் இல்லை. அதே கிழமை, இந்த நகரத்தில் இருக்கிற ஒவ்வொரு சனத்தின் பாட்டையும் பதிந்து வைக்கிற இடம் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை போன் பண்ணியிருக்கிறாள். வந்து பதியட்டுமா என்று. ஆனால் ஒரு சிக்கல். அந்தப் பாட்டின் மெட்டு, இங்கிலாந்தில் வேறு இடங்களிலும் உள்ள மெட்டாம். புத்தகத்தில் 'பழைய இங்கிலிஸ் நத்தார்ப் பாட்டு' என்று இருக்கிறதாம். இது கோர்னிஷ் என்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு படிவமும் அனுப்பியிருந்தாள்.

சிவப்புச் சால்வைக்காரி அந்தப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு இருந்ததை நான் பார்த்தேன். எழுதி எழுதி வெட்டியிருந்தார்.

"என்ர அம்மாவின்ர செத்தவீட்டில இதைத்தான் பாடினது" என்றார் என்னிடம். "நாளைக்கு ஆரும் தேடினா, இங்கிலிஸ் பெட்டிக்குள்ள கிடக்கும். பிழையான பெட்டிக்குள்ள போனா, இருக்குது எண்டே ஒருத்தருக்கும் தெரியாது."

பெரியவரும் போனில் அவரிடம் சொல்லியிருந்தாராம், தன் காதால் கேட்க வேண்டும், சரியான பெயரோடு பதிய வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று.

பதிவுக்கு முந்தின சனிக்கிழமை தபால்காரர் அடிக்குரல் எடுத்தார். தாளைப் பார்த்துப் பாடினார். நல்ல மனிசன், நல்ல குரல். ஆனால் தாளில் அந்த நிறுத்தம் இல்லை. அவர் நிற்காமல் போக, மற்றவர்கள் பழக்கத்தில் நிற்க, பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்கள் மேல் மோதினார்கள். ஹைவேயில் கார் மோதுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டாம் தரமும் அதுதான். மூன்றாம் தரம் தபால்காரர் நிற்கப் பார்த்தார், பிழையான இடத்தில் நின்றார். நான் கொறிடோரில் என்னை அறியாமல் அந்த அடியைச் சரியாகப் பாடிக்கொண்டு மொப்பைப் பிழிந்திருக்கிறேன். நிமிர்ந்தால் பத்துப் பேர் கதவில் நிற்கிறார்கள்.

"எத்தினை வருசமா உது தெரியும்?" என்றார் சிவப்புச் சால்வைக்காரி.

"ஐஸ் மழையில இருந்து" என்றேன்.

வீட்டில் வந்து சொன்னதும் மனைவி வெங்காயம் வெட்டுவதை நிற்பாட்டினாள்.

"அது புரட்டஸ்தாந்துச் சேர்ச். நாங்கள் கத்தோலிக்கம். அங்க போய்ப் பாடலாமோ? பாதரிட்டக் கேட்டனீங்களோ?"

"நத்தார் எல்லாருக்கும் ஒண்டுதானே."

"அதுசரி. வாசிக்கவும் தெரியாது உங்களுக்கு. தாளைத் தந்தா என்ன செய்வியள்?"

எனக்கும் அதுதான் பயம். ஒரு வார்த்தையும் வாசிக்கத் தெரியாமல், பாதி வசனத்துக்குக் கருத்தும் தெரியாமல், இன்னொரு சனத்தின் தாய்ப் பாட்டைப் பாட எனக்கு என்ன உரிமை? பிழை விட்டால் என் பிழை இல்லை, அவர்களுடைய பெயர் போய்விடும். அவள் வெங்காயத்தை முடித்து, கண்ணைத் துடைத்து, "தாளைத் தலைகீழாப் பிடிக்காதேங்கோ, அது காணும்" என்றாள்.

பதிகிற சனிக்கிழமை பனி கொட்டியது. அந்தப் பிள்ளை மைக்கும் கறுப்புப் பெட்டியுமாக வந்தாள். கெட்டிக்காரி, மரியாதையான பிள்ளை. சுருதிக்குத் தன் போனைத் திறந்தாள்.

"வேண்டாம்" என்றார் சிவப்புச் சால்வைக்காரி. "அண்ணையின்ர மெஷின் இருக்கு."

மெஷினைப் போட்டேன். பிள்ளை அதையும் எழுதிக்கொண்டாள். நிற்பாட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி, வட்டத்துக்குள் போய் நின்றேன். சத்தம் எடுத்தேன். இரண்டாவது அடியின் நடுவில் நான் நின்றேன். எல்லாரும் என்னோடு நின்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. தொடர்ந்தோம். மேலே போய் எல்லாரும் சந்தித்தோம். முடிந்தபோது தபால்காரர் என் முதுகில் ஒன்று போட்டார், இரண்டு நாள் நோகிற மாதிரி.

பிள்ளை தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த இடத்தில ஏன் நிண்டனீங்கள்? தாளில இல்லையே. மெட்டும் உடையுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பெரியவர் நிக்கிறவர்" என்றேன்.

"மனிசன் வயசாளி" என்றார் தபால்காரர். "மூச்சு எடுக்க நிண்டிருப்பார். நாங்களும் அதுக்காக நிண்டு பழகிட்டம்."

"அப்பிடியெண்டா அது ஒரு ஆளின்ர பழக்கம்" என்றாள் பிள்ளை, மெதுவாகத்தான். "பாட்டின்ர பகுதி இல்லை. எடுத்துப்போட்டுப் பாடினா, புத்தகத்தில இருக்கிறதும் உங்கடையும் ஒண்டுதான்."

அப்போது சிவப்புச் சால்வைக்காரியின் முகத்தை நான் பார்த்தேன். அந்தப் படிவம் அவர் கையில் இருந்தது. நான்தான் கெடுத்தேன் என்று எனக்கு நெஞ்சுக்குள் இறங்கியது. ஒரு கிழவனின் இளைப்பைப் பாட்டு என்று நினைத்துப் படித்துவிட்டேனே.

"அவரையே கேப்பம்" என்றார் அவர். மிசிசாகாவுக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி, மேசையில் வைத்தார்.

"கேட்டனான், கேட்டனான்" என்று பெரியவரின் குரல் வந்தது. பாட்டுத் தொடங்க முன்னமே மகள், வட்டத்தில் நின்ற ஒருவரின் போனுக்கு எடுத்து அவர் காதில் கொடுத்திருக்கிறாள். முழுப் பாட்டையும் கேட்டிருக்கிறார். "ஆர் அந்த அடிக்குரல்?"

"நிலம் துடைக்கிற அண்ணை."

சிரிப்பு வந்தது, பிறகு இருமல், பிறகு சிரிப்பு. "அழகா, நீயோ. மெஷினுக்கே குரல் வந்திட்டுது."

சிவப்புச் சால்வைக்காரி நிறுத்தத்தைப் பற்றிக் கேட்டார். மூச்சுக்காகவா என்று.

"மூச்சோ? இருபது வயசிலயும் நான் அதிலதான் நிண்டனான். என்ர அப்பரும் அதிலதான் நிண்டவர்." அவர் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "எங்கட தெரு ஒரு மேடு. நத்தாருக்கு முதல் நாள் பாதிப் பேர் கீழ, சப்பல் கோயில் வாசலில நிப்பம். மற்றப் பாதி மேல, குடிக்கிற கடைக்கு முன்னால. நாங்கள் தொடங்குவம். மேல நிக்கிறவையின்ர சத்தம் வந்து சேர நேரம் எடுக்கும். வருமட்டும் நிக்க வேணும். நிக்காட்டி அவை விடுபட்டுப் போவினம்."

"இஞ்ச மேல ஒருத்தரும் இல்லையே" என்றார் தபால்காரர்.

"அதுக்கு?" என்றார் பெரியவர். "அவை இல்லை எண்டு நீ நிக்காமப் போவியோ?"

எனக்கு என்னவோ சிரிப்பு வந்தது. நான் ஏன் அந்த நிறுத்தத்தை ஒரு கேள்வியும் இல்லாமல் எடுத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. கரைவலைக்கு இரண்டு கயிறு. ஒரு கயிற்றில் பதினைந்து பேர், அரை மைல் தள்ளி மற்றக் கயிற்றில் பதினைந்து பேர். அம்பா என்கிற வலைப்பாட்டைப் பாடுகிறவர் ஒரு அடி பாடிவிட்டு நிற்பார். அந்தப் பக்கத்துக் குரல் வந்த பிறகுதான் இழுக்க வேண்டும். நிற்காமல் இழுத்தால் வலை சாய்ந்து மீன் போய்விடும். தூரத்தில் நிற்கிறவனுக்காக நிற்பதை எனக்கு யாரும் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. இதை அவர்களுக்குச் சொன்னேன். என் இங்கிலிசில் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தபால்காரர் மட்டும், "மீன் போயிடுமோ?" என்று கவலையாகக் கேட்டார். ரக்கூன் கதையை நான் சொல்லவில்லை.

பிள்ளை பேனையை வைத்துவிட்டாள். "அப்ப ஒருக்கா அப்பிடியே பாடிக் காட்டுவியளோ? பாதிப் பேர் தெருவுக்கு அங்கால."

இந்த யோசனை அவர்களுக்கு இத்தனை வருசமாக வரவில்லை. அப்படியே ஜக்கெற், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். எங்கள் சேர்ச் தெரு மேடு இல்லை, சப்பட்டை. ஆனால் அகலம். தபால்காரரோடு சேர்த்து ஐந்து பேர் சிக்னல் லைட்டில் தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் டோனட் கடைக்கு முன்னால் போய் நின்றார்கள். நாங்கள் படிகளில். பிள்ளை மைக்கை நீட்டிக்கொண்டு நடுவில் உள்ள சீமெந்துத் திட்டில் நின்றாள். சிவப்புச் சால்வைக்காரி போனை உயர்த்திப் பிடித்தார், பெரியவருக்காக. மெஷினை வெளியே இழுத்துவர வயர் நீளம் காணாது. பரவாயில்லை, சுருதி எனக்குள் இருந்தது.

தொடங்கினேன். பனி சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கியது. இரண்டாவது அடி. நடுவில் நின்றேன். ஒன்று. ஒரு பஸ் எங்கள் பக்கம் வந்து நின்றது. ஏற ஒருவரும் இல்லை, சாரதி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார். இரண்டு. அப்போது வந்தது. தெருவுக்கு அங்காலிருந்து, பனிக்குள்ளால், கார்களுக்கு மேலால், அந்த ஐந்து பேரின் குரல், பிந்தி, மெல்லிசாக, சரியாக அந்த வெற்றிடத்துக்குள் வந்து இருந்தது. ஏழெட்டு வருசம் நான் மொப்பைப் பிழிந்த இடத்தில் ஒரு குரல் இருந்திருக்கிறது. மூன்று. தொடர்ந்தோம்.

முடிந்ததும் டோனட் கடைக்கு முன்னால் நின்ற ஆட்கள் கைதட்டினார்கள். பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். பிள்ளை சீமெந்துத் திட்டில் நின்றபடியே, மைக்கைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, படிவத்தை எடுத்து எழுதினாள். எனக்கு வாசிக்கத் தெரியாது. சிவப்புச் சால்வைக்காரி வாசித்துச் சொன்னார். கோர்னிஷ் என்று முதலில் எழுதியிருந்தாளாம். அதற்குக் கீழே, மேலே நிற்கிறவர்களின் குரல் வந்து சேரும்வரை கீழே நிற்கிறவர்கள் நிற்பார்கள் என்று. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் குரல் கொஞ்சம் பிசகியது. நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனைக் கட் பண்ண எல்லாரும் மறந்துவிட்டோம். சால்வைக்குள் கிடந்த போனிலிருந்து பெரியவர் கத்தினார்: "மேல நிண்டவை பிந்திப்போச்சினம். தபால்காரன் எப்பவும் அப்பிடித்தான், தபாலும் பிந்தித்தான் குடுத்தவன்."

அன்றைக்குப் பாஸ்ரி மேசையில் ஒன்றின் மூலையில் ஒரு எழுத்து இருந்தது. அது யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பாக்கிறியள், உங்கட எழுத்து" என்றார் சிவப்புச் சால்வைக்காரி. அந்த ஒரு எழுத்து இங்கிலிசில் எனக்கு இப்போது தெரியும். பாதியைச் சாப்பிட்டு, எழுத்து உள்ள பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கரட் போட்டிருக்கலாம்."

இப்போதும் சனிக்கிழமைகளில் நான் வட்டத்துக்குள்தான் நிற்கிறேன். பெரியவர் போனில் கேட்கிறார். கொஞ்சம் வேகம் கூடினால் ஏச்சு விழும். மார்கழியில் ஒரு தரம் தெருவைக் கடந்து பாடுகிறோம். டோனட் கடைக்காரர் இந்த முறை எப்போது என்று இப்போதே கேட்டுவிட்டார்.

இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்களுக்கு ஒரு கோர்னிஷ் ஆளைத் தெரிந்திருக்கலாம், அல்லது எங்கேயாவது ஒரு சேர்ச்சில், ஒரு கடையில், அடிக்குரல் முதலில் வருகிற நத்தார்ப் பாட்டு ஒன்றைக் கேட்கலாம். இரண்டாவது அடியில் அவர்கள் நிற்காமல் போனால், பாட்டு முடிந்த பிறகு கிட்டப் போய்ச் சொல்லுங்கள். மேலே ஆட்கள் நிற்கிறார்கள், கொஞ்சம் நில்லுங்கள் என்று. ஏன் என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களும் தங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குச் சொல்லட்டும்.